பில் ஏறிவிட்டது, காரணம் தெரியவில்லை: அறிகுறி பார்த்து மின்செலவைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

மின்கட்டணம் ஏறியதும் வீட்டில் எல்லோருடைய சந்தேகமும் சத்தமாக ஓடும் சாதனத்தின் மேல்தான் விழும். வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று பழி போடுவோம். ஆனால் வாட் என்பது பாதிக் கணக்குதான். எத்தனை மணி நேரம் ஓடியது என்பது மறுபாதி. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் கெட்டில் 3 நிமிடம் ஓடினால் செலவு 0.1 யூனிட். ஒரு மூலையில் சத்தமில்லாமல் 10 வாட் இழுத்துக்கொண்டிருக்கும் பெட்டி ஆண்டு முழுக்க ஓடினால் 87.6 யூனிட். அதனால் கீழே சொல்லும் எல்லா வழியிலும் நான் முதலில் தேடுவது நீண்ட நேரம் ஓடுவதைத்தான். அளந்து பார்க்கும்வரை புதுச் சாதனம் எதுவும் வாங்க வேண்டாம்.

அளப்பதற்கு என்னென்ன வேண்டும்

முதல் கருவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது: மின்சார மீட்டர். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 1000, 1600, 3200 போன்ற எண்களைப் பார்க்கலாம். 36,00,000 என்ற எண்ணை, அந்த அச்சிட்ட எண்ணாலும் இரண்டு மின்னலுக்கு இடையிலான விநாடியாலும் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு மொத்தமும் இழுக்கும் வாட் கிடைக்கும். 3200 போட்ட மீட்டரில் 10 மின்னலுக்கு 30 விநாடி ஆனால், ஒன்றுக்கு 3 விநாடி. கணக்கு 375 வாட். எண்ணத் தொடங்கும்போது முதல் மின்னலைச் சுழியம் என்று எண்ணுங்கள், ஒன்று என்று அல்ல. சக்கரம் சுழலும் பழைய மீட்டருக்கும் இதே கணக்குதான்: யூனிட்டுக்கு 600 சுற்று என்று போட்டிருந்து, ஒரு சுற்றுக்கு 60 விநாடி ஆனால் 100 வாட்.

இரண்டாவது, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் எனர்ஜி மீட்டர். ஃபிரிட்ஜ், டிவி, கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்லது இல்லை, ஏனென்றால் இது நாள் கணக்கில் கூட்டி வைக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவைத் தாண்டும் ஏசியையோ வாட்டர் ஹீட்டரையோ அதில் செருகக் கூடாது, உருகிவிடும்.

மூன்றாவது கிளாம்ப் மீட்டர். இதைப் பற்றி எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஒற்றை ஒயரை மட்டும் சுற்றிப் பிடித்தால்தான் அளவு காட்டும். இரண்டு ஒயரும் சேர்ந்த கேபிளைப் பிடித்தால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்து, சுழியம் காட்டும். ஒற்றை ஒயரைப் பிடிக்க போர்டைத் திறக்க வேண்டியிருக்கும் என்றால் அது எலக்ட்ரீஷியன் வேலை.

அறிகுறி: எதுவும் மாறவில்லை, ஆனால் பில் மட்டும் கூடியிருக்கிறது

பில்லில் தொகையை விட்டுவிட்டு யூனிட்டையும் நாள்களையும் பாருங்கள். முந்தைய பில் 28 நாளுக்கும் இது 33 நாளுக்கும் என்றால், வீட்டில் ஒரு சுவிட்ச்கூட மாறாமலே யூனிட் ஏறக்குறைய 18 சதவீதம் கூடும். மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட ரீடிங் என்று குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு குறைத்துப் போட்டது இப்போது சேர்ந்து வந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். எந்த நாளில் யூனிட் எகிறுகிறது, அன்று வீட்டில் என்ன ஓடியது என்று அந்தத் தாளே பாதி பதிலைச் சொல்லிவிடும். ஏழு நாளும் ஒரே சீராக அதிகமாக இருந்தால், எப்போதும் ஓடும் ஏதோ ஒன்றுதான் காரணம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் மின்னுகிறது

பொறுமையாகச் செய்ய வேண்டிய சோதனை இது. பெரும்பாலான வீடுகளில் ஒளிந்திருக்கும் செலவு இங்கேதான் பிடிபடும்.

இரவு படுக்கும் முன், வழக்கமாக அணைப்பதை எல்லாம் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடாத நேரமாகப் பார்த்து மின்னலை எண்ணுங்கள். வருகிற வாட்தான் உங்கள் வீட்டின் அடிப்படைச் சுமை. அது 80 வாட் என்றால், யாரும் எதையும் தொடாமலே 30 நாளில் 57.6 யூனிட் போய்விடும்.

பிறகு மெயின் சுவிட்சை இறக்குங்கள் (கம்ப்யூட்டரை முறையாக மூடிவிட்டு). இப்போது மீட்டர் விளக்கு மின்னாமல், நிலையாக எரிந்தபடியோ அணைந்தபடியோ இருக்க வேண்டும். கால் மணி நேரம் பாருங்கள். இன்னும் மின்னினால், மெயினுக்கு முன்பே யாரோ இணைப்பு எடுத்திருக்கலாம், பொது விளக்கோ பக்கத்து வீட்டு லைனோ உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம், அல்லது மீட்டரே பழுதாகியிருக்கலாம். இது மின்வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். நீங்களே ஒயரைத் தேடிப் போகாதீர்கள்.

மின்னல் நின்றுவிட்டால், எல்லா எம்சிபியையும் (போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனித்தனிப் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி வைத்து மெயினை ஏற்றுங்கள். பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாக மட்டும் ஏற்றி, ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். எந்த எம்சிபியை ஏற்றியதும் மின்னல் வேகமெடுக்கிறதோ, அந்த அறைகளின் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஃபிரிட்ஜ், ஏசி இருக்கும் எம்சிபியை மட்டும் இறக்கிய உடனே ஏற்றாமல் 5 நிமிடம் விடுங்கள். அழுத்தம் இறங்காத கம்ப்ரசர் திணறும்.

பெரும்பாலும் அகப்படுபவை: செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், உடனே திறக்கும் வசதி போட்டு வைத்த டிவி, கேம் கன்சோல், பிரின்ட்டர், காலிங் பெல் டிரான்ஸ்ஃபார்மர், மீன்தொட்டி ஹீட்டர். செட்டாப் பாக்ஸின் ரிமோட்டை அழுத்தினால் சில மாடல்களில் முன்விளக்கு மட்டுமே நிறம் மாறும். இழுக்கும் வாட் அப்படியே இருக்கும். எனர்ஜி மீட்டரில் இரண்டு நிலையையும் பார்த்துவிடுங்கள். ஸ்டாண்ட்பை செலவை ஒரு வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் 1 வாட், 2013 முதல் 0.5 வாட் என்று பொதுவான வரம்பாக அதைச் சட்டமாக்கியது, சிறு தகவல் திரை உள்ளவற்றுக்குச் சற்றுக் கூடுதல். அதனால் புதிய சாதாரணச் சாதனங்களின் ஸ்டாண்ட்பை பெரிய கவலை இல்லை. பழையவையும், இணையத்தோடு எப்போதும் தொடர்பில் இருப்பவையும்தான் கவனிக்க வேண்டியவை. செல்போன் சார்ஜரைத் தினமும் கழற்றும் சிரமம் மட்டும் வேண்டாம். போன் மாட்டாத புதிய சார்ஜர் இழுப்பது வாட்டில் ஒரு சிறு பின்னம்.

எல்லாப் பிளக்கையும் கழற்றி, எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் ஒரு எம்சிபியில் மின்னல் தொடர்ந்தால், சுவருக்குள் ஒயரில் கசிவு இருக்கலாம். இது பில்லைவிட உயிர் சம்பந்தப்பட்டது. 30 மில்லிஆம்பியரில் விழும் கசிவுக் காப்பு சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தால், 230 வோல்ட்டில் 7 வாட்டுக்கு மேல் கசிவு தங்க முடியாது. அந்த சுவிட்ச் இல்லாத வீட்டில் ஒரு ஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 5.5 யூனிட் மண்ணுக்குள் போகும். ஈரச் சுவரைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். அந்த எம்சிபியை இறக்கி வைத்துவிட்டு, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது

முதலில் உங்கள் ஃபிரிட்ஜ் எந்த வகை என்று பாருங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடுவதுதான் அதன் இயல்பு. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். சாதாரணக் கம்ப்ரசர் ஓடி நின்று ஓட வேண்டும்.

ஒரு மணி நேரம் அளந்து 24ஆல் பெருக்குவது ஃபிரிட்ஜுக்கு உதவாது. குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் மூன்று நாள் எனர்ஜி மீட்டரில் விட்டு, வந்த யூனிட்டை லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 365ஆல் வகுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். லேபிள் சோதனைக்கூட நிலையில் அளந்தது. வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுவது சகஜம். இரண்டு மடங்காக வந்தால் காரணம் தேட வேண்டும்.

காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள்: 3 முதல் 5 டிகிரி போதும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. அதற்குக் கீழே குளிர்விப்பதெல்லாம் வீண் செலவு. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். பல இடங்களில் பார்த்து, எங்கே தாள் தடையின்றி வருகிறதோ அங்கே காற்று புகுகிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சில நேரம் ஒட்டிக்கொள்ளும். போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடிப் பாருங்கள்: விளக்கு அணைகிறதா? அணையாத விளக்கு இரட்டைச் செலவு, அது தரும் சூட்டையும் கம்ப்ரசர்தான் வெளியேற்ற வேண்டும். பின்னாலோ அடியிலோ உள்ள காயிலில் தூசி அடைந்திருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். சுவரோடு ஒட்டி நிற்கிறதா, அடுப்புக்குப் பக்கமா, வெயில் விழுகிறதா என்பதையும் பாருங்கள்.

இதன் பிறகும் குறையவில்லை என்றால் எண்களை வைத்துத்தான் பேச வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் திடீரென வாட் இருநூறு, முந்நூறு என்று ஏறிப் பத்து இருபது நிமிடம் நின்று இறங்கினால் பதற வேண்டாம். பனியை உருக்கும் ஹீட்டர் வேலை செய்கிறது. அந்த ஏற்றம் மூன்று நாளிலும் வரவேயில்லை, ஃப்ரீசரின் பின்தகட்டில் பனி படர்ந்திருக்கிறது என்றால் அந்த ஹீட்டரோ அதன் சென்சாரோ ஃபியூஸோ போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து ஒரு முழு நாள் விடுங்கள். மறுபடி ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால் பழுது அதுதான் என்று உறுதி. மெக்கானிக்கிடம் இதை இப்படியே சொன்னால் கம்ப்ரசர் மாற்றும் பேச்சே எழாது.

மாறாக, நிற்காமல் ஓடுகிறது, வாட்டும் வழக்கத்தைவிடக் குறைவு, குளிரும் இல்லை, காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி என்றால் குளிர்விக்கும் கேஸ் இறங்கியிருக்கிறது. கத்தியால் பனியைக் குத்தி எடுப்பது இந்தப் பழுதை நீங்களே வரவழைப்பது. இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஆர்600ஏ கேஸ் என்பதால் அது ஆபத்தும்கூட.

பாதி காலியாக ஓடும் இரண்டாவது பழைய ஃபிரிட்ஜ் வீட்டில் இருந்தால் இத்தனை சோதனையும் தேவையில்லை. காலி செய்து, துடைத்து, கதவைக் குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி கட்டிவைத்து, அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை, யூனிட் மட்டும் ஓடுகிறது

ஃபில்டரைக் கழுவுங்கள். வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்று போக இடம் இருக்கிறதா, அது விடும் சூடான காற்றே திரும்ப அதற்குள் போகிறதா என்று பாருங்கள். பிறகு வெப்பநிலையை மிகக் குறைவாகவும் காற்றை முழு வேகத்திலும் வைத்து 15 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் நலம், குறை அறையில்தான். இடுக்கு, கண்ணாடி வெயில், மேல்தளச் சூடு. வித்தியாசம் 5 டிகிரிகூட இல்லையென்றால் காயிலில் அழுக்கோ கேஸ் குறைவோ.

கேஸ் என்பது எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறவரிடம், ஓட்டையைக் கண்டுபிடித்தீர்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அறை சீக்கிரம் குளிரட்டும் என்று 18இல் வைப்பதால் சாதாரண ஏசி வேகமாகக் குளிர்விக்காது. நெடுநேரம் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். மின்விசிறியையும் சேர்த்துப் போட்டு இரண்டு மூன்று டிகிரி ஏற்றி வையுங்கள். ஏசி பயன்படாத மாதங்களில் எம்சிபியையே இறக்கிவிடலாம்: சில மாடல்கள் அணைந்திருக்கும்போதும் கம்ப்ரசர் எண்ணெயைச் சூடாக வைக்க ஒரு சிறு ஹீட்டரை ஓட்டும். மறுபடி தொடங்கும் முன் கையேடு சொல்லும் நேரத்துக்கு மின்சாரம் கொடுத்து வைக்க வேண்டும்.

அறிகுறி: வெந்நீருக்கு இவ்வளவா?

இதற்கு மட்டும் கணக்கு துல்லியமாக வரும். லிட்டரையும், ஏற்ற வேண்டிய டிகிரியையும் பெருக்கி, 1.163ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் யூனிட். 15 லிட்டரை 35 டிகிரி ஏற்ற 0.61 யூனிட் ஆகும். எந்த ஹீட்டர் வாங்கினாலும் இதற்குக் கீழே போக முடியாது, வெளிக்காற்றின் சூட்டையும் எடுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் வகையைத் தவிர. அளந்த செலவு இந்தக் கணக்கைவிட மிக அதிகம் என்றால் சூடு எங்கோ வீணாகிறது.

யாரும் வெந்நீர் எடுக்காத ஒரு நாளில் ஹீட்டரை ஆன் செய்தே வைத்து, அந்த 24 மணி நேரச் செலவை அளங்கள். அதுதான் தொட்டி சும்மா ஆறி ஆறிச் சூடாவதற்கு நீங்கள் கொடுப்பது. அது அதிகமென்றால் டைமர் வையுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காதபோது வெந்நீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. விநாடிக்கு ஒரு சொட்டு, நாளுக்கு ஏறக்குறைய 20 லிட்டர். வெந்நீராக அது தினமும் 0.8 யூனிட்.

ஹீட்டர் கம்பியில் உப்பு படிந்ததால்தான் பில் ஏறுகிறது என்று பலர் சொல்வார்கள். கம்பி தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும்; உப்பு செய்வது கம்பியை அதிகச் சூடாக்கி எரித்துவிடுவது. சுத்தம் செய்வது கம்பியின் ஆயுளுக்காக. தெர்மோஸ்டாட்டைக் குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு: நாள் கணக்கில் நீரைத் தேக்கும் பெரிய தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே வைத்தால் லெஜியோனெல்லா கிருமி பெருக வாய்ப்புண்டு.

வாஷிங் மெஷினும் இந்தக் கணக்கில்தான் சேரும். வெந்நீர் சுற்றில் பெரும்பகுதி மின்சாரம் தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. வழக்கமான துணிக்குக் குளிர்ந்த நீரே போதும்.

அறிகுறி: தண்ணீர் மோட்டார் முன்பைவிட நெடுநேரம் ஓடுகிறது

தொட்டி நிரம்பும் நேரத்தையும் ஓடும்போது உள்ள வாட்டையும் சேர்த்துப் பாருங்கள். நேரம் கூடி, வாட் கூடவில்லை அல்லது குறைந்திருக்கிறது என்றால் குறை தண்ணீர்ப் பக்கம்: நீர்மட்டம் இறங்கியது, ஃபுட் வால்வு கசிவு, அடைந்த வடிகட்டி, உறிஞ்சு குழாயில் காற்று. வாட் ஏறியிருந்தால் பேரிங், வைண்டிங், வோல்ட்டேஜ் பக்கம் பாருங்கள். முனகுகிறது, சுழலவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். கெப்பாசிட்டராக இருக்கலாம், விட்டால் வைண்டிங்கும் போகும். யாரும் குழாய் திறக்காதபோது பிரஷர் பம்ப் தானாக ஓடி நின்றால் வீட்டுக்குள் ஒழுக்கு.

அறிகுறி: மின்தடையே இல்லை, ஆனாலும் இன்வெர்ட்டர் சூடாக இருக்கிறது

சூடு என்றால் செலவு. பேட்டரி நிரம்பிய பிறகு சார்ஜ் செய்வது மிகவும் குறைந்துவிட வேண்டும். வயதான லெட் ஆசிட் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. இழுத்துக்கொண்டே இருக்கும், தண்ணீரும் சீக்கிரம் வற்றும். மின்தடை இல்லாத ஒரு முழு நாளுக்குப் பிறகும் எனர்ஜி மீட்டரில் பல பத்து வாட் காட்டினால், பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள்.

அறிகுறி: அளந்த எண்ணும் எழுதியிருக்கும் எண்ணும் பொருந்தவில்லை

மைக்ரோவேவில் 800 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குள் போகும் அளவு. சுவரிலிருந்து 1200 வாட்டுக்கு மேல் இழுப்பது இயல்பு. கிளாம்ப் மீட்டரின் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி வருவது மோட்டார் சாதனங்களில் உண்மையான வாட்டைவிட அதிகமாக இருக்கும். பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்ற எண்) காட்டும் எனர்ஜி மீட்டரை நம்புங்கள். மின்விசிறி வேகத்தைக் குறைத்தும் வாட் அவ்வளவாகக் குறையவில்லை என்றால், அது சூடாகும் பழைய பெட்டி ரெகுலேட்டர். எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாற்றலாம். நாள் முழுக்க ஓடும் விசிறியானால் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) விசிறியே மேல்: சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட் அளவில் நிற்கும்.

சாக்கெட்டில் செருகினாலே மின்சாரம் மிச்சம் என்று விற்கும் சிறு பெட்டிகளை வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் குறைவது போலக் காட்டும். யூனிட் மீட்டர் அளப்பது உண்மையான வாட்டை என்பதால் பில்லில் எதுவும் குறையாது. இதை வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, மீட்டர்மேல்தான் சந்தேகம்

மற்ற எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, ஒரு கெட்டிலோ எண்ணெய் இல்லாத சாதாரண ரூம் ஹீட்டரோ எனர்ஜி மீட்டர் வழியாக ஓட்டுங்கள். அதன் ஆம்பியர் வரம்புக்குள் இருக்கட்டும். எனர்ஜி மீட்டர் காட்டும் வாட்டையும், சுவர் மீட்டரின் மின்னலை எண்ணி வரும் வாட்டையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சாதனத்தில் எழுதியிருக்கும் வாட்டோடு ஒப்பிட வேண்டாம்: வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹீட்டரின் வாட் 19 சதவீதம் குறையும். இரண்டு எண்ணும் சில சதவீதத்துக்குள் ஒத்திருந்தால் மீட்டர் சரி. வீட்டுக்குள்ளேயே இன்னும் தேட வேண்டும். சுவர் மீட்டர் தெளிவாகக் கூடுதலாகக் காட்டினால், வேறொரு சாதனத்தோடும் வேறொரு நாளும் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் அப்படியே வந்தால் மீட்டரைச் சோதிக்கக் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். தேதி, நேரம், எண்ணிய மின்னல், விநாடி, இரண்டு மீட்டரின் வாட் ஆகியவற்றை எழுதிய தாளின் நகலையும் அதோடு இணையுங்கள்.